ஒன்பதாம் விதி

வாக்காளர் பட்டியலைச் சங்க ஆபீஸ் வாசலில் ஒட்டிய அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வரவில்லை. சாயங்காலம் வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"ஏளா, அந்தப் பட்டியலை அடிச்சது நீதானே?"

"நான்தான். ஆபீஸ்ல வேற யாரு இருக்கா அடிக்க?"

"அதுல என் பேரு இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"முந்தா நாளே தெரியும்."

முந்தா நாள்தான் அடித்தேன். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான் அவர் பெயரும் அவருடன் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த யாருடைய பெயரும் இல்லை என்பது உறைத்தது. செயலாளரிடம் கேட்டேன். பன்னிரண்டு மாதச் சந்தா இருந்தால்தான் ஓட்டு, விதி அப்படி இருக்கிறது என்றார். வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து இரண்டு நாளை ஓட்டிவிட்டேன். அந்த இரண்டு நாள்தான் எனக்கு வினையாக முடிந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடிக்கு வரும் கப்பல்கள் அதுவரை கரைக்கு வந்ததில்லை. பல மைல் தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு மூட்டையோ பருத்திப் பொதியோ எதுவானாலும் தோணியிலும் பார்ஜிலும் ஏற்றி, லாஞ்சில் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கப்பலில் சேர்க்க வேண்டும். லாஞ்சை நடத்திப் போகிறவரை ஸ்ராங்கு என்போம். என் வீட்டுக்காரர் ஸ்ராங்கு. புன்னைக்காயலில் பிறந்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். புதுத் துறைமுகத்தில் கப்பல் நேராகவே கரையில் வந்து கட்டும் என்றானதும் லாஞ்சு வேலை குறையும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லாஞ்சு வைத்திருந்த இரண்டு கம்பெனிகள் அந்தப் பயத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. என் வீட்டுக்காரர் சின்னக் கம்பெனி. நான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பெரிய கம்பெனித் தொழிலாளர் சங்கத்தில் டைப்பிஸ்ட்.

கம்பெனிகள் சேர்ந்தபோது சின்னக் கம்பெனி ஆட்களுக்குத் தனிச் சங்கம் இல்லை. எங்கள் சங்கத்திலேயே அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பெரிய கூட்டம் போட்டு, கைதட்டி, மாலை போட்டுச் சேர்த்தார்கள். உறுப்பினர் அட்டைகளை நான்தான் அடித்தேன். என் வீட்டுக்காரர் அட்டையை அடிக்கும்போது எழுத்தெல்லாம் ஒரே அழுத்தமாக விழ வேண்டும் என்று இரண்டு அட்டையை வீணாக்கினேன்.

எட்டு மாதம் கழித்துத் தேர்தல் வந்தது. அந்தத் தேர்தலுக்கு ஏன் அவ்வளவு அடிபிடி என்றால், சீனியாரிட்டி. ஆட்குறைப்பு வந்தால் வரிசையில் கடைசியில் இருப்பவன்தான் முதலில் வெளியே போவான். சின்னக் கம்பெனி ஆட்களுக்கு இரண்டு கம்பெனியும் ஒன்றான தேதியிலிருந்துதான் வருஷம் கணக்கு என்பது பெரிய கம்பெனிக்காரர்கள் பேச்சு. அப்படியானால் பதினாலு வருஷம் லாஞ்சு ஓட்டிய என் வீட்டுக்காரர் பெரிய கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு முந்திச் சேர்ந்த ஆளுக்குக் கீழே போய்விடுவார். முதன்முதலில் எந்தக் கம்பெனியில் சேர்ந்தோமோ அந்தத் தேதிதான் வேண்டும் என்பது இவர்கள் பேச்சு. நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள், புதுக் கமிட்டி கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை ஏற்றுக்கொள்கிறோம் என்று கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. அந்தக் கமிட்டிக்குத்தான் தேர்தல். அதில்தான் இவர்களுக்கு ஓட்டு இல்லை.

"எங்ககிட்ட சந்தா மட்டும் வேணும், ஓட்டு வேண்டாம்னு சொல்லுதான் உன் செயலாளர்," என்றார் வீட்டுக்காரர். "நீயும் அதை அழகா அடிச்சுக் குடுத்திருக்கே."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு மாறிவிட்டது. அதற்கு முன்னால் அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். நான் காப்பி கொடுப்பேன், அவர்கள் என் முன்னாலேயே செயலாளரைத் திட்டுவார்கள், நானும் சிரிப்பேன். அந்த வாரம் காப்பியோடு வந்தபோது ஒருவர் மழை வருமா என்று கேட்டார். மற்றவர் மேகத்தைப் பற்றிப் பேசினார். பங்குனி வெயிலில் மேகம் எங்கிருந்து வரும்? மறுநாள் அவர்கள் வரவில்லை. பீச் ரோட்டில் ஒரு டீக்கடையில் கூடுவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள்.

ஆபீஸிலும் அதே கதைதான். செயலாளர் நாசரேத்துப் பக்கத்துக்காரர், கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர், பதினோரு வருஷமாகச் செயலாளர். அதுவரை என்னைப் பெற்ற பிள்ளை மாதிரிதான் நடத்தினார். பட்டியல் ஒட்டிய மறுநாள் பீரோவுக்குப் புதுப் பூட்டு வந்தது. நான் அடித்து முடித்த கார்பன் தாளை அவரே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டார்.

"ஏம்மா, வீட்ல என்ன பேசிக்கிடுதாங்க?" என்று ஒருநாள் கேட்டார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"என்கிட்ட ஒண்ணும் பேசலை அண்ணாச்சி."

"அப்படியா," என்றார். நம்பவில்லை. நான் உண்மையைச் சொல்லியும் ஒருவர் நம்பாமல் போனது அதுதான் முதல் தடவை. பிறகு பழகிவிட்டது.

எனக்கும் சந்தேகம் இருந்தது. என் சந்தேகம் செயலாளர் மேல். பன்னிரண்டு மாதம் என்று அவர் சொன்ன நிமிஷமே மனசில் ஏதோ இடறியது. முந்தின தேர்தலில் ஒரு லஸ்கர், லாஞ்சில் கயிறு பிடிக்கிற ஆள், சங்கத்தில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, அவன் ஓட்டுப் போட்டான். எனக்கு நல்ல ஞாபகம், ஏனென்றால் அவன் கையெழுத்துப் போடத் தெரியாமல் என் மேஜையில்தான் மைப்பெட்டி கேட்டு வந்தான். ஏழு மாதத்தில் அவன் ஓட்டுப் போட்டான் என்றால் அப்போது விதி பன்னிரண்டு மாதமாக இருந்திருக்க முடியாது. புது விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கம்பெனிகள் சேர்ந்தபோது சங்கத்தின் பெயரையும் முகவரியையும் மாற்ற வேண்டி வந்ததால் புத்தகத்தைப் புதிதாக ஸ்டென்சில் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். அடித்தது நான். ஒன்பதாம் விதி: ஓட்டுப் போடப் பன்னிரண்டு மாதம். பத்தாம் விதி: பதவிக்கு நிற்கப் பன்னிரண்டு மாதம்.

அப்படியானால் நான் பார்த்து அடிக்கக் கொடுத்த பிரதியிலேயே அவர் மாற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். டைப் அடிக்கும்போது நாங்கள் பொருளைப் படிப்பதில்லை. கண் எழுத்தைப் பார்க்கும், விரல் போகும். இந்த ஆட்கள் வரப்போகிறார்கள், எட்டு மாதத்தில் தேர்தல் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, என் கையாலேயே அடிக்க வைத்திருக்கிறார். அவர் என்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்ததெல்லாம்கூட அதற்காகத்தானோ என்று தோன்றியது.

பழைய புத்தகம் ஒன்று கிடைத்தால் போதும். மெதுவாக விசாரித்தேன். பழைய உறுப்பினர் ஒருவர், "அதுவா, பழசைத் திருப்பிக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கிடச் சொன்னாங்களே," என்றார். பழசை ஏன் திருப்பி வாங்க வேண்டும்? அதுவும் ஒரு சாட்சியாக என் மனசில் போய் உட்கார்ந்தது. எல்லாவற்றையும் பீரோவுக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறார், அதற்குத்தான் புதுப் பூட்டு.

இதற்குள் சின்னக் கம்பெனி ஆட்கள் லேபர் ஆபீசருக்கு மனுக் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்குத் தேதியும் வந்தது. அதற்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் செயலாளர் சாப்பிடுவதற்கு முன்னால் கை கழுவப் பின்பக்கம் போனார். சாவி பீரோவிலேயே தொங்கியது.

திறந்தேன். அவர் திருடியதைக் கண்டுபிடிக்கத்தான் திறக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேல் தட்டிலேயே பழைய புத்தகங்கள் கட்டாக இருந்தன. கட்டுக்கு மேலே தனியாக ஒன்று. அதுதான் அவர் நீல மசியில் திருத்தி எனக்குக் கொடுத்த பிரதி. முதல் பக்கத்தில் கம்பெனி பெயரை அடித்து எழுதியிருந்தார், முகவரியை மாற்றியிருந்தார். புரட்டினேன். ஒன்பதாம் விதியில் மசியே படவில்லை. அச்சில் 'ஆறு மாதங்கள்' என்று தெளிவாக இருந்தது. அதற்கு நேர் கீழே பத்தாம் விதி, 'பன்னிரண்டு மாதங்கள்.' இரண்டு வாக்கியமும் ஒரே மாதிரித் தொடங்கின. என் கண் ஒரு வரி வழுக்கியிருக்கிறது.

அவர் எதையும் மாற்றவில்லை. நான்தான் தப்பாக அடித்திருக்கிறேன்.

அந்த ஸ்டென்சில்களை அடித்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய ஆட்களும் சங்கத்தில் சேரும் கூட்டத்துக்கு முன்னால் புத்தகம் தயாராக வேண்டும், அவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக ஒரே நாளில் உட்கார்ந்து அடித்தேன்.

தண்ணீர்க் குழாய் நின்ற சத்தம் கேட்டது. புத்தகத்தை வைத்துவிட்டு பீரோவைச் சாத்தி என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். செயலாளர் வந்தார். பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியை உருவி மடியில் கட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாது, எப்படியும் லேபர் ஆபீசர் பார்த்துக்கொள்வார், நான் எதற்கு நடுவில் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் டீக்கடைப் பேச்சு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது, "விசாரணைல உன் செயலாளருக்குச் சாதகமா வந்துச்சுன்னா, அவன் இந்த ஊர்ல நடமாட முடியாது. பயலுவ ரொம்பக் கொதிச்சுப்போய் இருக்கானுவ," என்றார்.

அப்போதுதான் சொன்னேன். பீரோவைத் திறந்தது, புத்தகத்தைப் பார்த்தது, ஆறு, பன்னிரண்டு, எல்லாம். அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார். முதலில் சிரித்தார். பிறகு முகம் இறுகிவிட்டது.

"இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"என்ன சொல்லுதிய? நானே பார்த்தேன்."

"எட்டு மாசம் கண்ணுல படலை. விசாரணைக்கு முந்தின நாள் பட்டுச்சா? அவன் மாட்டிக்கிடுவான்னு தெரிஞ்சதும் பழியை உன் தலைல வாங்கிக்கிடச் சொல்லியிருக்கான். பொம்பளைப் பிள்ளை, தெரியாம அடிச்சுட்டான்னு விட்டுருவாங்கன்னு."

"சத்தியமா இல்லைங்க."

"சத்தியம் பண்ணாத, ஏளா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அழுதுகொண்டே ஆபீஸ் போனேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று செயலாளரிடமும் சொன்னேன். பீரோவைத் திறந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் வீட்டுக்காரன் சொல்லச் சொன்னானா?"

"அவங்க நான் சொன்னதையே நம்பலை அண்ணாச்சி."

"நல்லா இருக்கே கதை. அவனுக்கு ஓட்டு வேணும், அதனால ஆறு மாசம்னு ஒரு புத்தகம் முளைச்சிருக்கு."

"புத்தகம் உங்க பீரோவுக்குள்ளதான் இருக்கு. எடுத்துப் பாருங்க."

எழுந்து போய்த் திறந்தார். மேலே இருந்த பிரதியை எடுத்தார். தேடாமல், புரட்டாமல், நேராக அந்தப் பக்கத்தைத் திறந்தார். அதை நான் பார்த்தேன். பதினோரு வருஷம் கையில் இருந்த புத்தகம், பக்கம் தெரியாமலா போகும் என்று ஒருபுறம் தோன்றியது. நான் சொல்வதற்கு முன்பே இவர் இதைத் திறந்து பார்த்திருக்கிறார் என்று இன்னொருபுறம் தோன்றியது. அவர் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும்தான் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்," என்றார் கடைசியில். "விசாரணைல என்ன சொல்லப் போற?"

"நடந்ததை."

விசாரணை அறையில் ஒரு பெஞ்சில் செயலாளரும் அவருடைய ஆட்களும், எதிர்ப் பெஞ்சில் என் வீட்டுக்காரரும் அவருடைய ஆட்களும். எனக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து வரவழைத்த பிரதி லேபர் ஆபீசர் மேஜையில் இருந்தது. அதிலும் ஆறு மாதம்தான். விதியை மாற்றக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை, ஆகவே ஆறு மாதமே செல்லும் என்று அவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். பிறகு என்னைக் கேட்டார்.

"யாராவது மாற்றச் சொல்லி அடிச்சீங்களா?"

"இல்லை சார். கண்ணு தவறிப் போச்சு."

"யாரும் சொல்லலையே?"

"யாரும் சொல்லலை சார்."

இரண்டு பெஞ்சும் என்னைப் பார்த்தன. வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நான் செயலாளரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தார்கள். மற்றப் பெஞ்சில் இருந்தவர்கள் புருஷனுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நான் இப்போது பழியை ஏற்பதுபோல் நடிக்கிறேன் என்று நினைத்தார்கள். ஆபீசர் ஒருவர்தான் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அவரும் என்ன நினைத்தாரோ.

புதுப் பட்டியலை மறுநாளே அடிக்கச் சொன்னார்கள். நான் மெஷினில் தாளைச் சொருகியபோது இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள், கட்சிக்கு ஒருவராக. ஒவ்வொரு பெயரையும் நான் அடிக்க அடிக்க இருவரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஒரு இடத்தில் 'ர' போட வேண்டிய இடத்தில் 'ற' போட்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஏ, நில்லு" என்று கத்தினார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன். பட்டியல் முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது.

தேர்தல் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சின்னக் கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் போய்ப் போட்டார்கள். ஒரு ஸ்ராங்கு காய்ச்சலோடு வண்டியில் வந்து போட்டுவிட்டுப் போனார். செயலாளரே திரும்ப ஜெயித்தார், ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில். கமிட்டியில் சின்னக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் இல்லாமல் எதையும் நிறைவேற்ற முடியாது என்றானது. பல நாள் சண்டைக்குப் பிறகு சீனியாரிட்டியைப் பழைய தேதிப்படியே, ஆனால் சின்னக் கம்பெனி ஆட்களுக்கு இரண்டு வருஷம் கழித்துக்கொண்டு கணக்கிடுவது என்று முடித்தார்கள். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருஷம் நின்றது. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது அவர் வேலை தப்பியது.

என் வேலை தப்பவில்லை. புதுக் கமிட்டியின் இரண்டாவது கூட்டத்தில், உறுப்பினர்களின் குடும்பத்தார் யாரும் சங்க ஆபீஸில் வேலை பார்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். என் பெயர் அதில் இல்லை. இரண்டு தரப்பும் ஒருமனதாகக் கைதூக்கிய முதல் தீர்மானம் அதுதான் என்று செயலாளரே சொன்னார். அதையும் நான்தான் டைப் அடித்தேன். பிறகு ஒரு உப்புக் கம்பெனி ஆபீஸில் வேலை கிடைத்தது.

வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை. அவர் என்னை மறுபடி அந்தப் பேச்சு எடுத்துக் கேட்டதில்லை. ஆனால் இங்கிலீஷில் சம்பளச் சீட்டோ கம்பெனிக் கடிதமோ வந்தால் முன்பெல்லாம் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவர், அதன் பிறகு தானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச காலம் ஆனது அது மாற.

சில வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் செயலாளரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டிருந்தார். சாத்தான்குளம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். பிள்ளைகளை விசாரித்தார். அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்தப் புத்தகம். நான் சொல்லுததுக்கு முந்தியே உங்களுக்குத் தெரியுமா?"

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். வரவில்லை.

"தெரியும்னு சொல்ல முடியாதும்மா. பட்டியலை எழுதும்போதே ஏதோ உறுத்திச்சு. போன தடவை ஆறு மாசம்தானேன்னு. எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கலை. பார்த்தா திருத்த வேண்டி வரும்லா. நீ சொன்ன அன்னைக்குத்தான் நிஜமாவே பார்த்தேன்."

"பூட்டு?"

"அது உனக்காக இல்லை. நானே போய் எடுத்துப் பார்த்துரக் கூடாதுன்னு."

அதை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு விளங்கவில்லை. சாவி அவரிடம்தானே இருந்தது. பஸ் வந்தது. பையைத் தூக்கிக் கொடுத்தேன், ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் முகம் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, "அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"பாதி தெரிஞ்சிருக்கு."

"பாதி என்னளா பாதி," என்று சொல்லிவிட்டு அடுத்த கன்னத்துக்குச் சோப்புப் போட்டார். நான் உலையில் அரிசி போடப் போனேன்.